ரவால்ல ஒரே பொக வாடை

எங்கள் வீட்டுப் பீரோவில் 60 நிமிடக் கேசட் ஒன்று இருக்கிறது. 1993-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவனாக இருந்த நான், என் தாத்தாவின் தம்பியை வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார வைத்து, அவருடைய பட்டாளத்துக் கதையை அதில் பதிந்தேன். 1996-இல் அவர் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆடி மாதக் கோயில் கொடை விழாவின்போது, வெற்றுக் கேசட் கிடைக்காத அவசரத்தில் என் சித்தப்பா மகன் அதையே எடுத்துக்கொண்டு போய், கோயில் வில்லுப்பாட்டை அதன்மேல் பதிந்துவிட்டான். முதல் பக்கம் முழுவதும் போயிற்று. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டவன் பதிவுப் பொத்தானை அழுத்த மறந்து, சற்று நேரம் கழித்தே அழுத்தியதால், அந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் மட்டும் 38 வினாடிகள் சின்னத் தாத்தாவின் குரல் பிழைத்துக் கிடக்கிறது.

அந்த 38 வினாடிகளில் அவர் சொல்வது இவ்வளவுதான்: "ரவால்ல ஒரே பொக வாடை. காலைல எந்திச்சா துணி, சட்டி, மண்டையெல்லாம் சாம்பலு. ஒரு செரட்டை சோறு, அதுலயும் சாம்பலு." இடையே ஒரு நீண்ட இருமல். பின்னணியில் ஆச்சி கோழியை விரட்டுகிறாள்.

ஜப்பான்காரர்கள் கொடுத்த ரவாவில் புகை நாற்றம் அடித்தது என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அதைப் புரிந்துகொண்டோம். ஈர விறகில் கிண்டியிருப்பார்கள், அடுப்புச் சாம்பல் பறந்திருக்கும் என்று ஆச்சி விளக்கமும் சொன்னாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் எனக்கும் அதில் எந்த ஐயமும் எழவில்லை.

சின்னத் தாத்தா 1941-இல் லாரி ஓட்டுநராகப் படையில் சேர்ந்து மலாயாவுக்குப் போனவர். அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவ்வளவு பேர் பட்டாளத்துக்குப் போனதற்குக் காரணம் வீர உணர்ச்சி மட்டும் என்று நான் நம்பவில்லை. 1758-இலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் காலாட்படைப் பிரிவுகளை ஆங்கிலேயர்கள் 1920-களில் கலைத்துவிட்டார்கள். தெற்கத்தியர்கள் 'போர் மரபினர்' அல்லர் என்பது அவர்களுடைய சித்தாந்தம், பணத்தட்டுப்பாடு அதற்குக் கிடைத்த சாக்கு. சாப்பர்கள் என்னும் பொறியியல் படையினர் மட்டும் தப்பினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து, 25 லட்சம் பேரைத் திரட்ட வேண்டிய நிலை ஏற்பட்டதும், அந்தச் சித்தாந்தத்தைச் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டுத் தெற்கே ஆள் எடுக்க வந்தார்கள். எங்கள் பக்கத்து வானம் பார்த்த பூமியில் மாதச் சம்பளம் என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பு, சேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்குக்கூட இன்று புரியாது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலுமாக 40,000-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் ஜப்பானியரிடம் போர்க்கைதிகள் ஆனார்கள். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பூங்கா மைதானத்தில் அவர்களைக் கூட்டி, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் முறைப்படி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். அங்கேதான் கேப்டன் மோகன் சிங் என்ற இந்திய அதிகாரி, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டார். நேதாஜி அடுத்த ஆண்டு ஜூலையில் வந்து சேர்ந்தார். சேர்ந்தவர்கள் உண்டு, சேராதவர்களும் உண்டு. சின்னத் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. 1972-இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் அறிவித்து, இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் அது உண்டு என்று தெரிந்ததும், அவர் மகன் விண்ணப்பம் எழுதிக்கொண்டு போய் நீட்டினார். ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்தது. ஆனால் அன்றிலிருந்து வீட்டுச் சுவரில் நேதாஜி படம் ஏறிவிட்டது. சின்னத் தாத்தா அந்தப் படத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொல்லவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கடந்த சில ஆண்டுகளாக எங்கள் பகுதி முன்னாள் படைவீரர்களின் கதைகளை நான் பதிவு செய்து வருகிறேன் என்பதுதான். திட்டம் போட்டுத் தொடங்கிய வேலை இல்லை. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். அது இப்போது கைப்பேசி வழியாகவும் நடக்கிறது. நவம்பர் மாதம் வந்தால் எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் உள்ள பெரியவர்களுக்கு அதைச் செய்து கொடுப்பேன். கைரேகை விழாத விரல்கள், ஒத்துப்போகாத பிறந்த தேதிகள், படை ஆவணத்தில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் எழுதப்பட்ட மனைவி பெயர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கும். அதைத் தீர்ப்பதற்காகக் கறுப்பு வண்ணம் பூசிய டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுப்பார்கள். வெள்ளை எழுத்தில் எண், பதவி, பெயர். பெட்டி திறந்தால் காகிதத்துக்கு முன்னால் கதைதான் வெளியே வரும்.

போரில் இறந்தவர்களுக்கு ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட நம் ஊர்க்காரர்களைப் படை எண், தந்தை பெயர், ஊர்ப் பெயர் சகிதம் காணலாம். ஊரை 'டின்னவெல்லி' என்றுதான் தேட வேண்டும். யாங்கோனுக்கு அருகே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். 1947-க்குப் பின் மாண்டவர்களுக்கு 2019-இல் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னம். நம் மரபும் அப்படித்தான்: வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கு நடுகல் உண்டு, பீடம் உண்டு, கொடை உண்டு, விடிய விடிய வில்லுப்பாட்டு உண்டு. உயிரோடு திரும்பி வந்து, கூட்டுறவு வங்கி வாசலில் காவலாளி உடுப்பில் இன்னொரு இருபது ஆண்டு நின்றவனுக்கு ஒரு வரியும் கிடையாது. என் கேசட்டை அழித்ததும் வில்லுப்பாட்டுத்தான் என்பதை நினைத்தால் சில சமயம் சிரிப்புக்கூட வரும்.

வாய்மொழியைச் சேகரிப்பதில் நெல்லைக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை கதைப்பாடல்களை ஊர் ஊராகத் தேடிப் பதிப்பித்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை நடக்கிறது. ஆனால் பட்டாளத்துக்காரரின் பேச்சு நாட்டார் வழக்காறாகவும் கருதப்படவில்லை, வரலாறாகவும் கருதப்படவில்லை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் படைவீரர் வாய்மொழிகளுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார்கள். பதிவு குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது என்பவை அதன் விதிகள். இந்த இரண்டாவது விதியின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய ஊரில் ஒருவர் இருக்கிறார். உறவு முறையில் எனக்கு மாமா. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி பெற்று, 1971 போரில் மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில் கண்ணிவெடி அகற்றியவர். முதல் இரண்டு சந்திப்புகளில் அவர் எனக்குச் சொன்னதெல்லாம் செய்தித்தாளில் வந்த போர். டிசம்பர் 3-இல் தொடங்கியது, 16-இல் டாக்காவில் முடிந்தது, 93,000 பேர் சரணடைந்தார்கள். டாக்காவை அவர் கண்ணால் கண்டதில்லை. பேரப்பிள்ளைகளின் பள்ளியில் ஆகஸ்ட் 15 அன்று பேசிப் பேசி இறுகிப்போன உரை அது. இத்தகைய உரை எல்லாரிடமும் ஒன்று இருக்கும். அதை மறிக்காமல் முழுவதும் கேட்டு முடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும் என்பது என் அனுபவம்.

மூன்றாம் சந்திப்பு தை மாதத்தில் நடந்தது. அத்தை அவித்த பனங்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மாமா ஒன்றை எடுத்து நார் உரித்தவர், அப்படியே நிறுத்தி, "மருமவனே, கிழங்கு பிடுங்கியிருக்கியா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். எழுந்து முற்றத்து மணலில் குப்புறப் படுத்துவிட்டார். 76 வயது. ஒரு ஈர்க்கை எடுத்து, மணலில் செங்குத்தாகக் குத்தாமல், சாய்த்து, மெதுவாகச் செலுத்திக் காட்டினார். "நேர மேலருந்து குத்துனா தொப்பியில படும், வெடிச்சிரும். இப்பிடிச் சரிச்சு விடணும். பக்கவாட்டுல தட்டும். தட்டுனா கம்பிய வச்சிட்டுக் கையால மண்ணத் தள்ளணும்." பனங்கொட்டை புதைத்த பாத்தியில் கிழங்கை ஒடிக்காமல் எடுக்க, சின்ன வயதில் அவர் அம்மா கற்றுக்கொடுத்த கைப்பக்குவம் அதுதானாம். பஞ்சாபின் டிசம்பர்க் குளிரில் கையுறை போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையால் மண்ணைத் தடவிக்கொண்டே போயிருக்கிறார். "ஊர்ல கிழங்கு வெளையுற நேரம்லா. அதையே நெனச்சுக்கிட்டுத் தோண்டுனேன்."

பசந்தர் ஆற்றைக் கடந்த டாங்கிகளின் கதை நாடறிந்தது. 21 வயதில் அங்கு உயிர் நீத்து பரம வீர சக்கரம் பெற்ற அருண் கேத்தர்பாலின் பெயரைப் பள்ளிப்பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த டாங்கிகள் போன வழியைக் கண்ணிவெடிகளுக்கு நடுவே திறந்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள். வேலை முழுவதும் முடியும் முன்பே டாங்கிகள் உள்ளே நுழைய வேண்டி வந்தது. இதெல்லாம் ராணுவ வரலாற்றில் இருக்கிறது. பனங்கிழங்கு அதில் இல்லை. அது அந்தத் தட்டு வந்த நேரத்தில் எனக்கு முன்னால் வந்து விழுந்தது. கேள்வித்தாளோடு போயிருந்தால் அந்தக் கேள்வி என் தாளில் இருந்திருக்காது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. பதிவுக்கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தட்டை எடுக்க வந்த அத்தை, "நீங்க அங்க கிழங்கு தோண்டுனியோ. இங்க ரெண்டு மாசம் மணியார்டர் வரல. எங்கம்மா போட்ட கம்மல அடகு வச்சுத்தான் ஒங்க அம்மைக்கு வைத்தியம் பாத்தேன்" என்றாள். மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கம்மலு?" என்றார். ஐம்பது ஆண்டுக்கு மேல் அவருக்குத் தெரியாத செய்தி அது. கம்மல் மூழ்கிப் போயிற்று, பிறகு அவர் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்த வேறொன்றைத்தான் இன்றைக்கும் போட்டிருக்கிறாள். தந்தி என்றால் சாவுச் செய்தி என்றிருந்த காலத்தில், தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் புறவாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போய் நின்றுகொள்வாளாம். கையெழுத்து வாங்க ஆள் இல்லாவிட்டால் தந்தியைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார், அதுவரைக்கும் அவர் உயிரோடு இருப்பார் என்று ஒரு கணக்கு. அதன் பிறகு நான் எந்த வீட்டுக்குப் போனாலும் மனைவியருக்குத் தனியாக ஒரு பதிவு வைத்துக்கொள்கிறேன். கணவர் பக்கத்தில் இருந்தால் பாதிப் பேர் பேசுவதில்லை; அத்தை மாதிரி ஆள்கள் விதிவிலக்கு.

எல்லாருக்கும் சொல்ல விருப்பம் இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. இலங்கைக்கு அமைதிப்படையில் போய் வந்த அண்ணாச்சி ஒருவரைப் பாளையங்கோட்டையில் சந்தித்தேன். 1987 ஜூலை 29-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த அக்டோபரிலேயே சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பும்போது சுமார் 1,200 இந்தியப் படையினர் மாண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழ்நாட்டின் அன்றைய மனநிலை அது. தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்ற அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி, அண்ணாச்சி தன் மக்களிடம்கூடப் பேசியதில்லை. என்னிடம் கருவியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கைப்பேசியையும் அடுத்த அறையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு நாற்பது நிமிடம் பேசினார். அவர் சொன்னவை இந்தக் கட்டுரையில் இல்லை, என் குறிப்பேட்டிலும் இல்லை. குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு நேராக, "பேசினார், பதிவு இல்லை, அவர் விருப்பம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வரலாற்றுக்கு இது இழப்பு என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். இருக்கலாம். அந்த நாற்பது நிமிடம் அண்ணாச்சியின் சொத்து. வரலாற்றுக்கு எழுதி வைக்க அவருக்கு மனம் வந்தால் என் முகவரி அவரிடம் இருக்கிறது.

வேலையின் மற்ற பாகங்கள் சலிப்பானவை. சுருக்காத ஒலிக்கோப்பாகப் பதிந்து, வேறு வேறு இடங்களில் மூன்று பிரதிகள் வைக்கிறேன். ஒன்று அந்தக் குடும்பத்திடமே இருக்கும். எழுத்தில் இறக்குவதுதான் பெரும்பாடு. ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரண்டு நாள் போய்விடும். உதவிக்கு வந்த கல்லூரி மாணவி, நல்ல நோக்கத்தோடுதான், 'சொன்னாவ' என்பதையெல்லாம் 'சொன்னார்கள்' என்று மாற்றி வைத்திருந்தாள். மாமா ஓரிடத்தில் "சுட்டிக்கு வந்தேன்" என்கிறார். பட்டாளத்து இந்தியில் விடுமுறைக்கு அதுதான் சொல். அவள் அதைச் "சுற்றி வந்தேன்" என்று திருத்திவிட்டாள். லீவில் வந்த மனிதர் எங்கேயோ சுற்றி வந்தவர் ஆகிவிட்டார். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தார்கள். அந்த ஆங்கிலப் பகுதிகள் இன்று லண்டனில் பத்திரமாக இருக்கின்றன, சிப்பாய் எழுதிய சொந்தச் சொற்களில் பெரும்பகுதி இல்லாமற்போயின. அவளிடம் இதைச் சொன்னேன். அடுத்த பக்கங்களில் ஒரு 'வே'யைக்கூட அவள் விடவில்லை.

சின்னத் தாத்தாவின் 38 வினாடிகளை ஒருநாள் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கையைத் தூக்கி, "இன்னொரு மட்டம் போடு" என்றார். மூன்று தடவை கேட்டார். பிறகு, "ஜப்பான்காரன்கிட்ட ரவா ஏதுவே? அவனே அரிசி திங்கவன்" என்றார். "அவரு சோத்துலயும் சாம்பல்னு சொல்லுதாரு. அப்ப ரவா எதுக்கு? அது ஊரு பேரா இருக்கும் பாரு."

அன்றிரவு வரைபடத்தை எடுத்து உட்கார்ந்தேன். நியூகினிக்குக் கிழக்கே நியூ பிரிட்டன் தீவில் ரபோல் என்றொரு துறைமுகம். 1942 ஜனவரியில் ஜப்பானியர் பிடித்துத் தென் பசிபிக்கில் தங்கள் பெரும் தளமாக்கிக்கொண்ட இடம். அதைச் சுற்றி எரிமலைகள். 1937-இல் வெடித்தன, நாற்பதுகளின் தொடக்கத்திலும் புகைந்துகொண்டிருந்தன, 1994 செப்டம்பரில் மறுபடி வெடித்து ஊரையே சாம்பலில் புதைத்தன. அதாவது, நான் கேசட்டில் பதிந்த மறு ஆண்டு. செய்தித்தாளில் நான் அதைப் படித்திருக்கவும் கூடும்.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர மறுத்த போர்க்கைதிகளை ஜப்பானியர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி, தென் பசிபிக் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். பசியிலும் நோயிலும் அடியிலும் குண்டுவீச்சிலும் பெருந்தொகையினர் மடிந்தார்கள். 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் படை வந்து இறங்கியபோது எஞ்சியிருந்தவர்கள் விடுதலை ஆனார்கள். ரபோலுக்குப் பக்கத்தில் பிட்டா பாக்கா என்ற இடத்துக் கல்லறைத் தோட்டத்தில் இந்தியப் படையினரும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நேதாஜியோடு போனவர்களை இந்தியா கொண்டாடியது. போக மறுத்தவர்களைக் கொண்டாட ஆங்கிலேயனுக்கு நேரமில்லை, சுதந்திர இந்தியாவுக்குக் கூச்சம். சின்னத் தாத்தா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதை, தன் பெயரால் சுவரில் ஏறிய படத்தை ஏன் பார்த்தும் பாராமல் இருந்தார் என்பதை, இப்போது என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அவர் ஏன் மறுத்தார் என்பதை மட்டும் ஊகிக்க முடியவில்லை. ஏற்ற உறுதிமொழியா, அச்சமா, உடனிருந்தவர்களை விட்டுப் பிரிய மனமில்லாமையா? முதல் பக்கத்தில் சொல்லியிருந்தாரோ என்னவோ. கேட்ட எனக்கு ஒன்றும் நினைவில்லை. நான் வேறொன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பம் படத்த எறக்கிரணுமால?" என்று கேட்டார். வேண்டாம் சித்தப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். பக்கத்தில் சின்னத் தாத்தா படத்துக்குக் கீழே 'ரபோல்' என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார், கோணல்மாணலாக.

அந்த 38 வினாடிகளில் நான் முதலில் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. சோற்றிலும் சாம்பல் என்று சொல்லிவிட்டு இருமி முடித்தவர், "அந்த மல இருக்கு பாத்தியா" என்று தொடங்குகிறார். உடனே இடையில் ஒரு இளம் குரல் புகுகிறது. அது என் குரல். "தாத்தா, அதிருக்கட்டும். நேதாஜியப் பாத்தீங்களா?" கட்டில் கயிறு கிரீச்சிடுகிறது. அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கிறது. அதற்குமேல் வில் மணிகளும் குடமும் உடுக்கையும்.